பட்டியலில் இல்லாத நாய்க்குட்டி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒரு வியாழக்கிழமை மாலை, ஒரகடம் பக்கம் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் பின்வாசலில், நாங்கள் சோறு வைத்துப் பழக்கிய நாய்க்குட்டி பேச்சியம்மாளின் வலது கை விரலைக் கடித்தது. இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது.

2. அதைப் பிடித்து விலக்கப் போன என் கணுக்காலுக்கு மேலே கீறியது. நகமா பல்லா என்று நான் பார்க்கவில்லை.

3. என் பையிலிருந்த கிருமிநாசினியை இருவர் காயத்திலும் ஊற்றினேன். அவள் விரலில் பிளாஸ்திரி ஒட்டினேன்.

4. இருபதடி தூரத்தில் இருந்த முதலுதவி அறைக்குப் போகவில்லை.

5. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

6. சனிக்கிழமை, விபத்தில்லாத முந்நூறாவது நாளைத் தொழிற்சாலையில் கொண்டாடினோம். பிரியாணி போட்டார்கள். பாதுகாப்பைப் பற்றி நான் ஐந்து நிமிடம் பேசினேன்.

7. அன்று மாலையே பேச்சி கோயில் கொடைத் திருவிழாவுக்காகப் பத்து நாள் விடுப்பில் ஊருக்குப் போனாள். சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம்.

8. செவ்வாய்க்கிழமை காலை, நாய்க்குட்டி செத்துவிட்டது என்று தெரிந்தது. எப்படிச் செத்தது என்பதும் தெரிந்தது.

எட்டாவதைக் கேட்ட பிறகுதான் நான்காவதும் ஐந்தாவதும் என்ன என்று எனக்குப் புரிந்தது.

முப்பத்தொரு குறிப்புகள்

நான் மலேசியாவின் கூலிம்காரி. கூலிம் தொழிற்பேட்டையில் நான்கு ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருந்தேன். எங்கள் நிறுவனத்துக்கு இங்கே வல்லம் வடகாலில் ஒரு கிளை இருக்கிறது. கார் கதவுப் பூட்டுகள் செய்கிறோம். சென்ற ஆண்டு என்னை இங்கே அனுப்பினார்கள். இந்த மாதத்தோடு ஓராண்டு.

அடுத்த மாதம் கூலிமிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் வருகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் பத்திரமாக இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தரும்படி தலைமையகம் என்னைக் கேட்டிருந்தது. பட்டியல் போடுவது எனக்குப் பிடித்த வேலை. முப்பத்தொரு குறிப்புகள் எழுதி, முந்நூறாம் நாள் விழாவுக்கு முந்தைய வாரம் அனுப்பிவிட்டேன்.

சிலவற்றைச் சொல்கிறேன். கொதிக்க வைத்த தண்ணீரையே குடி. சாலையோரக் கடையில் ஐஸ் வேண்டாம் என்று சொல். ஒரகடம் கூட்டுரோட்டில் கார்களை ஏற்றிச் செல்லும் நீளமான டிரெய்லர்கள் திரும்பும்போது பின்சக்கரம் ஓரத்தை ஒட்டி வரும், தள்ளி நில். சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்திலிருந்து வரும் ஷேர் ஆட்டோவில் கடைசி ஆளாக ஏறாதே, கடைசி ஆளுக்குப் பாதி உடம்பு வெளியேதான் இருக்கும். கடப்பிதழின் நகலை மூன்று இடங்களில் வை. வெளிநாட்டவர் தங்கியிருப்பதை வீட்டுக்காரர் பதிவு செய்தாரா என்று கேட்டுக்கொண்டே இரு. என் வீடு பிள்ளைப்பாக்கத்தில், முதல் மாடி. வீட்டுக்காரர் மூன்று வாரம் பதிவு செய்யவில்லை. "நீதான் தமிழ் பேசுறியேம்மா, உன்ன எதுக்கு ஃபாரினர்னு எழுதணும்?" என்றார். பாசமாகத்தான் சொன்னார். நானே உட்கார்ந்து அவர் கைப்பேசியில் படிவத்தை நிரப்பினேன்.

நாய் என்ற சொல் அந்த முப்பத்தொன்றில் இல்லை.

காரணம் எளிது. சிறுவயதில் என்னை இரண்டு முறை நாய் கடித்திருக்கிறது. இரண்டு முறையும் அப்பா மோட்டார் சைக்கிளில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். புண்ணைக் கழுவி டெட்டனஸ் ஊசி போட்டார்கள். திரும்பி வரும் வழியில் ஐஸ்கிரீம் கிடைத்தது. நாய்க்கடி என்றால் என் மனத்தில் அவ்வளவுதான் இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை இந்த இரண்டு வாரமாகத்தான் யோசிக்கிறேன். என்னை ஜப்பானுக்கு அனுப்பியிருந்தால் எதையும் தொடுவதற்கு முன்பு ஒருவரைக் கேட்டிருப்பேன். இங்கே கடைப் பலகைகளை என்னால் படிக்க முடிகிறது. பேருந்தில் "தள்ளிக் குந்துமா" என்றால் தள்ளி உட்காருகிறேன். "பசியாறியாச்சா?" என்று நான் கேட்டால் மட்டும் உற்பத்தி லைனில் சிரிப்பார்கள். மற்றபடி என்னை யாரும் வெளியாளாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. அதனால் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

பலகை

எங்கள் தொழிற்சாலை வாசலில் ஒரு பெரிய பச்சைப் பலகை உண்டு. விபத்தில்லாத நாட்கள் என்று எழுதி, கீழே மூன்று இலக்கம். ஒவ்வொரு நாள் காலையிலும் ஒன்று கூட்டுவார்கள். எந்த நாளில் விபத்து நடந்தாலும் எண் பூஜ்யத்துக்குப் போகும். இது எல்லாத் தொழிற்சாலையிலும் இருப்பதுதான்.

எது விபத்து என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. நான் வந்தபோது இங்கே ஒருவர் மூன்று நாள் வேலைக்கு வராமல் போனால்தான் விபத்து என்று கணக்கு. நான் அதை மாற்றினேன். கூலிமில் நாங்கள் வைத்திருந்த விதியைத் தமிழில் எழுதி ஒட்டினேன்: வளாகத்துக்குள் யாருக்குக் காயம் ஏற்பட்டு, அதற்கு மருத்துவர் பார்க்கவோ ஊசி போடவோ நேர்ந்தாலும் அது விபத்து. நல்ல விதி என்று மேலாளர் பாராட்டினார். இன்றும் தாளில் அது நல்ல விதிதான்.

அந்த விதிப்படி முதலில் மாட்டியவர் செந்தில் என்கிற ஆபரேட்டர். தகடு கிழித்து உள்ளங்கையில் மூன்று தையல். பலகை அறுபத்து நான்கிலிருந்து பூஜ்யத்துக்கு வந்தது. மறுநாள் முதல் அவருக்குப் பெயர் ஜீரோ. "ஜீரோ, அந்த டிரேய எடு." "ஜீரோ சாப்டாரா?" சூப்பர்வைசரே ஒருமுறை மைக்கில் அப்படிக் கூப்பிட்டார். நானும் சிரித்தேன் என்று எழுதுவதுதான் நேர்மை. இரண்டு மாதத்தில் செந்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு முந்நூறு நாள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்றுதான் நான் நம்பினேன்.

பேச்சிக்கு இருபத்தொரு வயது. என் லைனில் பூட்டுக்குள் ஸ்பிரிங் பொருத்துகிற வேலை. கை அவ்வளவு வேகம். ஷிப்ட் முடிந்தும் போகாமல் பின்வாசலில் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் குட்டிக்கு, ஓவர்டைம் என்பதைச் சுருக்கி, ஓ.டி. என்று பெயர் வைத்தவள் அவள்தான். "சம்பளமே இல்லாம ஓ.டி. பாக்குது பாருங்க மேடம்" என்பாள். லைனில் மேடம், வெளியே வந்தால் யக்கா. பேருந்து வரும்வரை கேன்டீன் மிச்சத்தை அதற்கு ஊட்டுவோம்.

கடித்த அன்று அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு முதலில் பார்த்தது பலகை இருந்த பக்கம்தான்.

"யக்கா, இருநூத்தித் தொண்ணூத்தெட்டு."

"ஊசி போடணுமா பேச்சி? சின்னக் குட்டிதானே?"

"எங்கூர்ல போடச் சொல்லுவாவ. ஆனா இப்பம் போனா நான்தான் ஜீரோ. நூத்தி நாப்பது பேரு பிரியாணிய நான் கெடுத்தேன்னு சாவுற வரைக்கும் சொல்லுவாவ."

"பிளாஸ்திரி மட்டும் முதலுதவிப் பெட்டியில எடுத்துட்டு வரவா?"

"வேண்டாம், அதுல எதுக்குன்னு எழுதணும்."

என் பையில் இருந்ததை எடுத்து ஒட்டினேன். சின்னக் கடி, சின்னக் குட்டி, இரண்டே நாள் என்று எனக்குள் மூன்று காரணம் வரிசையாக வந்து நின்றன. நான் சரி என்றேன். பொறுப்பில் இருந்தவள் நான். அவள் என் சரிக்காகத்தான் காத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை

பின்வாசல் காவலர் தனசேகர் அண்ணன். பிள்ளைப்பாக்கத்துக்காரர். தொழிற்பேட்டைக்குப் போன நிலத்தில் அவர் குடும்பத்து நிலமும் ஒன்று. அந்த நிலத்தின் வாசலிலேயே தான் காவல் நிற்பதாக வேடிக்கையாகச் சொல்வார். அன்று நான் இறங்கியதும் கையசைத்துக் கூப்பிட்டார்.

"இன்னாமா, உன் தோஸ்து போய்ச் சேந்துட்ச்சு, தெர்யுமா?"

"யாருண்ணே?"

"அதாம்மா, அந்த ஓ.டி. நேத்து பம்ப் ரூம் பின்னால செத்துக் கெடந்துச்சு, பொதச்சிட்டோம்." கால்சட்டையைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். கட்டுப் போட்டிருந்தது. "ஞாயித்துக்கெழம என்ன புட்ச்சி கடிச்சிட்ச்சு. சோறு வெச்சா துன்னல. வாயில எச்சி ஊத்திக்கினே கீது. செவுத்துல முட்டிக்கினு நடக்குது. அது வெறிமா. நான் அப்பயே சோப்பு போட்டுக் கழுவிக்கினு ஓடிப்போய் ஊசி போட்டுக்கினேன்."

நான் குனிந்து என் கணுக்காலைப் பார்த்தேன்.

"உன்ன இன்னா பண்ணுச்சு?"

"கீறிச்சு."

"எப்ப?"

"வியாழக்கிழமை."

"ஊசி?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். எப்போதும் சிரிக்கிறவர் சிரிக்கவில்லை.

"உனக்கு அறிவு கீதா? இன்னாத்த இஞ்சினீரு நீ? மொதல்ல வண்டில ஏறு."

அவரே தன் பைக்கில் என்னை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். ஐந்து நாள் என்பது அதிகமா குறைவா என்று எனக்குத் தெரியவில்லை. நான் படித்த எந்தப் பாதுகாப்புப் பயிற்சியிலும் அது இல்லை.

சீட்டுப் பதிகிற இடத்தில் ஆதார் கேட்டார்கள்.

"இல்லைங்க."

"மறந்துட்டு வந்துட்டியா?"

"நான் மலேசியா. கடப்பிதழ் இருக்கு."

"எது இருக்கு?"

"பாஸ்போர்ட்."

அந்த அம்மா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "பாக்க நம்ம பொண்ணு மாதிரியே இருக்கியேம்மா" என்று சொல்லி, கேள்வி கேட்காமல் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மருத்துவர் என் வயதுப் பெண். வரிசை நீளமாக இருந்ததால் தலை நிமிராமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்போ?"

"வியாழக்கிழமை."

பேனா நின்றது. "போன வியாழனா? அஞ்சு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

விழா நடத்திக்கொண்டிருந்தோம் என்று சொல்ல முடியவில்லை.

"ரத்தம் வந்துச்சா?"

"பார்க்கல."

"அப்போ வந்துச்சுன்னே வெச்சுக்குவோம். நாய்?"

"நேத்து செத்துப்போச்சு. புதைச்சுட்டாங்க."

"சோதிச்சுப் பாக்க முடியாது. சரி, கேட்டுக்கோங்க. இந்த நோய் வராம தடுக்கத்தான் எங்ககிட்ட ஊசி இருக்கு. வந்துட்டா ஒண்ணும் இல்ல. ஒண்ணும்னா, ஒண்ணுமே இல்ல. படிச்சவங்கன்னு தெரியுது, அதான் சுத்தி வளைக்காம சொல்றேன்."

பேச்சியின் விரலைப் பற்றிச் சொன்னேன். மருத்துவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கையிலயா? ரத்தம் வந்துச்சா? அந்தப் பொண்ணு எங்க?"

"ஊருக்குப் போயிருக்கா."

"முதல்ல அவளைத் தேடுங்க. கைல கடிச்சா மூளைக்குச் சீக்கிரம் ஏறும். எவ்வளவு லேட்டானாலும் போடணும், ஆனா இன்னிக்கு போடுறதும் நாளைக்கு போடுறதும் ஒண்ணு இல்ல."

கையில் ஒரு ஊசி, கீறலைச் சுற்றி இன்னும் சில. வலித்திருக்க வேண்டும். எனக்கு நினைவில்லை. அதற்குள் பேச்சியின் எண்ணை ஆறு முறை அழைத்துவிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

வாசலுக்கு உள்ளேயா, வெளியேயா

அவள் வீட்டு எண் பணியாளர் கோப்பில் இருந்தது. கோப்பு பிரகாஷிடம் இருந்தது. பணியாளர் பிரிவில் இருக்கும் நல்ல பையன். எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது. ஆனால் அவனுடைய முதல் கேள்வி இது:

"மேடம், நாய் கேட்டுக்கு உள்ள இருந்துச்சா, வெளிய இருந்துச்சா?"

"உள்ளே."

"பஸ் ஷெட்ல பாதி வெளிய வருது மேடம். டிராயிங் பாத்தா தெரியும். வெளியன்னு போட்டா நமக்கு..."

"பிரகாஷ், எனக்கு நம்பர் வேணும்."

"தரேன் மேடம். தர மாட்டேன்னு சொல்லல. எதுக்குன்னு நான் எழுதணும், அதான். நீங்க மலேசியா பேரோல்ல இருக்கீங்க, உங்களக் கணக்குலயே எடுக்க வேணாம். அந்தப் பொண்ண மட்டும் எப்படிக் காட்டுறதுன்னு..."

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வியாழக்கிழமை நான் செய்ததைத்தான் அவன் இன்று காகிதத்தில் செய்யப் பார்த்தான். விபத்து அறிக்கைப் படிவத்தை எடுத்து, பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். இடம்: பின்வாசல், உள்பக்கம். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில், நானும் மறைத்தேன் என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு அவன் முன்னால் வைத்தேன். யாருக்கு நேர்ந்தாலும் என்று விதியில் எழுதியவள் நான்தானே. கூலிமிலிருந்து வந்த எனக்கும் அது பொருந்தும்.

அவன் அதைப் படித்துவிட்டு எண்ணைக் கொடுத்தான்.

அழைப்பை எடுத்தது பேச்சியின் அண்ணன் மாரியப்பன். பின்னணியில் மேளச் சத்தம்.

"அவ கோயில்ல நிக்கா. என்ன விசயம்?"

சொன்னேன். கத்திக் கத்திச் சொன்னேன்.

"நாய்தான? இங்க தெனமும் ஒருத்தனக் கடிக்கத்தான் செய்யுது. கொடை முடியட்டும், பாத்துக்கிடலாம்."

வைத்துவிட்டார். அன்று அதற்குப் பிறகு பதினொரு முறை அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை.

காப்பு

புதன்கிழமை காலை பேச்சியே அழைத்தாள். அண்ணன் கைப்பேசியிலிருந்து. நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டாள்.

"யக்கா, போர்டை மாத்திட்டாங்களா?"

இதைத்தான் முதலில் கேட்டாள். இன்னும் என்னால் அதைக் கடந்து போக முடியவில்லை.

"மாத்தியாச்சு. ஜீரோ."

"யாரு பேரு போட்டிருக்கு?"

"என் பேரு."

"அப்பம் உங்களத்தான் ஜீரோன்னு சொல்லுவாவ" என்றாள். அவளுக்கு அது வருத்தமாகவே இருந்தது.

"பேச்சி, ஓ.டி. செத்துப்போச்சு. அதுக்கு முன்னாடி தனசேகர் அண்ணனைக் கடிச்சிருக்கு. வெறின்னு சொல்றாங்க."

"அது பச்ச மண்ணுல்லாக்கா? வெறி நாய்னா பெரிசாத்தான இருக்கும்?"

"குட்டிக்கும் வரும். உடனே போய் ஊசி போடணும். இன்னிக்கே."

"விரலு ஆறிட்டுக்கா. தழும்பு தேடுனாத்தான் தெரியும்."

"ஆறினாலும் போடணும்."

அவள் குரல் தாழ்ந்தது. "காப்பு கட்டியிருக்கேன்க்கா. மொளப்பாரி எடுக்கேன். கொடை முடியறவரைக்கும் ஊரு எல்லையத் தாண்டக் கூடாது. இன்னும் ரெண்டு நாளுதான். வெள்ளிக்கிழம காலைல மொத ஆளாப் போயிருதேன்."

இரண்டு நாள். வியாழக்கிழமை நான் சொன்ன அதே இரண்டு நாள். எனக்குக் காப்பு என்றால் தெரியும். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கட்டுவோம். ஆனால் எங்களுக்கு அது கையில் மஞ்சள் கயிறு, இறைச்சி சாப்பிடாமல் இருப்பது, அவ்வளவுதான். அந்தக் கயிற்றோடு நான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன், பக்கத்து நகரமான பட்டர்வொர்த்துக்குப் போயிருக்கிறேன். கயிறு கட்டினால் ஊர் எல்லையே மூடிவிடும் என்பது இங்கேதான் தெரிந்தது.

"அம்மாகிட்ட குடு."

"அம்மை விட மாட்டா."

"குடு."

வந்த குரல் அதட்டலாக இருந்தது. "யாரு தாயி நீ?"

"பேச்சி வேலை பாக்குற இடத்துல மேடம்மா."

"எந்த ஊரு? பேச்சு வேற மாரி இருக்கு?"

"மலேசியாம்மா."

"அம்மாடி! அம்புட்டு தூரத்துலேருந்தா பேசுத? காசு ஆவுமே, சீக்கிரம் சொல்லு."

"இல்லம்மா, ஒரகடத்துலேருந்துதான் பேசுறேன்." பட்டியலாகச் சொல்லத் தொடங்கினேன். கிருமி எப்படி நரம்பில் ஏறும், எத்தனை நாளில், ஊசி எத்தனை. பாதியில் எனக்கே தெரிந்தது, அந்த அம்மா ஒன்றையும் கேட்கவில்லை. யாரிடமோ பூ எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தினேன்.

"அம்மா, கடிச்சப்போ பக்கத்துல நான்தான் இருந்தேன். ஊசி போட வேணாம்னு சரி சொன்னது நான். நோய் வந்துட்டா மருந்தே இல்லைன்னு டாக்டர் சொல்றாங்க. உங்க பொண்ணு செத்துப்போயிருவாம்மா."

அந்தச் சொல்லைத் திருவிழா வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. எனக்குத் தெரியும். மேளம் மட்டும் கேட்டது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"மருந்தே இல்லையா?"

"இல்லம்மா."

கைப்பேசியை விலக்கிக்கொண்டு அவர் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "ஏல மாரியப்பா, வண்டிய எடுல! இவள ஏத்து. காப்பெல்லாம் அவுக்காண்டாம், அப்படியே கூட்டிட்டுப் போ. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

அதற்குப் பிறகு

புதன்கிழமை மதியம் பக்கத்து ஊர் மருத்துவமனையில் பேச்சிக்கு முதல் தடுப்பூசி போட்டார்கள். கடித்த இடத்தில் போட வேண்டிய மருந்து அங்கே அன்று இருக்கவில்லை. திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை அங்கே போட்டார்கள். விரல் நுனியில் அந்த ஊசி போடுவது என்ன வலி என்று அவள் எனக்கு விவரிக்கவில்லை. "நாய் கடிச்சதே தேவலைக்கா" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

இங்கே வியாழக்கிழமை காலை லைனுக்குப் போனபோது யாரோ பின்னால் "குட் மார்னிங் ஜீரோ மேடம்" என்றார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் லைனை நிறுத்தினேன். ஓராண்டில் நான் அதுவரை செய்யாத காரியம். நடந்ததை, இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் இருக்கிற அதே வரிசையில், ஒன்று முதல் எட்டு வரை சொன்னேன். கடைசியில், ஓ.டி. கடித்தவர்கள், கீறியவர்கள், புண் இருந்த கையை நக்கவிட்டவர்கள் யாராவது இருந்தால் என்னிடம் வரலாம் என்றேன். யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன்.

நான்கு பேர் வந்தார்கள். ஒருவரை நேராகவே கடித்திருந்தது, விழாவுக்கு முந்தைய நாள். அவர் முழங்கையை மடித்துக் காட்டினார். "பலகை போயிரும்னுதான் மேடம்" என்றார். விழாவில் நான் பாதுகாப்பைப் பற்றிப் பேசியபோது அவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர். நான்கு பேரையும் கம்பெனி வேனில் அனுப்பினோம். அன்று தனக்கு ஊசி நாள் இல்லாதபோதும் தனசேகர் அண்ணன் கூடவே போனார். "வழி தெரியாம நிப்பானுங்க" என்றார்.

அந்த முந்நூறு நாளில் என்னென்ன நடந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியாது. பலகையில் இருந்த எண்ணை நான் கூலிமுக்கு மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்தேன். பலகையை எடுத்துவிடலாம் என்று மேலாளரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது.

ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் மூன்றாவது ஊசிக்குப் பிறகுதான் சொன்னேன். "என்னா பாப்பா, நாய் கடிச்சா டெட்டனஸ் ஊசிதானே? அதுக்கு ஏன் இவ்வளவு கலவரம்?" என்றார். அவரும் என்னைப் போலத்தான், எங்கள் பக்கம் நாய்க்கு வெறி பிடித்து அவர் பார்த்ததில்லை. அதனால்தான் இதை நம்மூர் வாசகர்களுக்கு எழுதுகிறேன். தமிழ்நாட்டுக்குக் கோயில் பார்க்க வருவீர்கள், துணி எடுக்க வருவீர்கள், என்னைப் போல வேலைக்கு வருவீர்கள். எல்லாம் பழகிய மாதிரி இருக்கும். நாயோ பூனையோ குரங்கோ கடித்தால், கீறினால், அதே நிமிடம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவுங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பயண நாள் கெடும், கூட வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், அதை நினைக்காதீர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேளுங்கள். தனசேகர் அண்ணனிடம் நான் வியாழக்கிழமையே கேட்டிருந்தால் அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். அவர் பத்தடி தூரத்தில்தான், சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

தலைமையகத்துக்குப் பட்டியலைத் திருத்தி அனுப்பிவிட்டேன். இப்போது நாய் முதல் குறிப்பு.

இன்றைய நிலை இது. எனக்கு மூன்று ஊசி முடிந்தது, நான்காவது இருபத்தெட்டாம் நாள். தனசேகர் அண்ணனும் அந்த நால்வரும் நலம். பேச்சிக்கு மூன்றாவது ஊசி நேற்றுப் போட்டார்கள். ஆறு நாள் தாமதம் என்ன செய்யும் என்று மருத்துவரிடம் கேட்டேன். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் சில மாதம் போகட்டும் என்றார். விடுப்பை நீட்டித்திருக்கிறாள். அந்த நோயில் முதலில் தண்ணீர்தான் இறங்காது என்று எங்கோ படித்துவிட்டு, நான் கேட்காமலே, தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்து அதைக் காணொளியாக எனக்கு அனுப்புகிறாள். இன்று காலை ஏழு மணிக்கு வந்தது. முழுச் சொம்பும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "எறங்கிட்டுக்கா" என்கிறாள்.